நான் திருப்பிக் கொடுத்த தட்டு

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இத முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் யாரும் கேக்கக்கூடாது. பிளவுஸ் தைக்கக் கொடுத்துட்டு நாலு தடவ அளவு மாத்துறவங்களையும் நான் விடமாட்டேன், சர்ச்சுல பாட்டு நடக்கும்போது செல்போன் நோண்டுறவங்களையும் விடமாட்டேன். எங்க வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். ஒரகடத்துல ஒரு கம்பெனிக்கு ஆள் ஏத்திக்கினு போற பஸ் ஓட்டுறாரு. அந்த ரோட்டுல தினம் ஓட்டி ஓட்டியே பொறுமை வந்துடுச்சோ என்னவோ, மனுஷன் கோவப்பட்டு நான் பார்த்ததே இல்ல. அவருக்கும் சேர்த்து நானே பட்டுக்குவேன்.

காஞ்சிபுரத்துல நாங்க குடியிருக்கிற தெருவுல பாதிப் பேர் பட்டு நெய்யிறவங்க. எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். அந்தப் பக்கம் அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் தறி ஓட்டுவாங்க, இந்தப் பக்கம் நான் தையல் மெஷின் மிதிப்பேன். அக்கான்னு கூப்பிடறேனே தவிர சொந்தம் கிடையாது. அவங்க சிவன் கோயில் வழி, நாங்க சர்ச்சு. என்னவிடப் பத்து வயசு பெரியவங்க. காலைல அவங்க தறி சத்தம் கேட்டாத்தான் எனக்கு டீ போடணும்னே தோணும்.

அந்த அக்காவுக்குத்தான் போன தீபாவளிக்கு நான் அப்படி ஒரு காரியம் செஞ்சேன்.

அதுக்கு முன்னாடி நடந்தது என்னன்னா, வாலாஜாபாத் ரோட்டுல பைக் சறுக்கி எங்க வீட்டுக்காரருக்குக் கால் உடைஞ்சு போச்சு. ஒரு மாசம் படுக்கை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நான் அலைஞ்ச அலைச்சல்ல அடுப்பு பக்கம் போகவே முடியல. ஒருநாள் தவறாம அக்கா கேரியர்ல சோறு, ரசம், ஒரு பொரியல் கட்டிக் கொண்டாந்து வச்சிட்டுப் போவாங்க. உட்காரக்கூட மாட்டாங்க, தறி காத்துக்கினு இருக்கும். ராவும் பகலும் நான் ஜெபம் பண்ணேன். கால் கூடிடுச்சு. அவர் கம்பு இல்லாம நடந்த அன்னைக்கு நான் அழுத அழுகைய தெருவே பார்த்துச்சு.

இவ்வளவு செஞ்ச ஆண்டவருக்கு நான் என்ன செஞ்சேன்னு மனசு அரிக்க ஆரம்பிச்சுது. அவருக்கு இன்னும் கிட்ட போகணும்னு நிஜமாவே ஆசைப்பட்டேன். அதுல பொய் இல்ல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போக ஆரம்பிச்சேன். வெளியூர்ல இருந்து வந்த பிரசங்கியார் ஒருத்தர், ஆண்டவருக்குக் கிட்ட போகணும்னா மத்ததையெல்லாம் தள்ளி வைக்கணும், படையல் பலகாரத்தக் கையால தொடாதீங்கன்னு சொன்னாரு. நான் எதையும் அரைகுறையா செய்யிற ஆள் இல்ல. டிவி சீரியல விட்டேன். தலைக்குப் பூ வைக்கிறத விட்டேன். வாசல்ல கோலம் போடறதையும் விட்டேன். வாசல் ஏன் மொட்டையா இருக்குதுன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. உங்களுக்குப் புரியாதுன்னு சொல்லி அவர் வாய அடைச்சேன்.

தீபாவளி வந்துச்சு. அவங்க வீட்டுல நோன்பு எடுப்பாங்க. அதிரசம் சுட்டு, சாமிக்குப் படைச்சு, முதல் தட்டு எங்க வீட்டுக்குத்தான் வரும். நாங்க குடிவந்த வருஷத்துல இருந்தே அப்படித்தான். அன்னைக்கும் அக்கா குளிச்ச தலையோட, கைல நோன்புக் கயிறோட, சிரிச்சுக்கினே வந்து நின்னாங்க. நான் வாசப்படிய விட்டு நகரல.

"தப்பா நினைக்காதீங்கக்கா. சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடறதில்ல."

அக்கா தட்டப் பார்த்தாங்க, என்னப் பார்த்தாங்க. சரிம்மான்னு ஒரு வார்த்தை. முந்தானைய இழுத்து அந்தத் தட்டு மேல மூடிக்கினு திரும்பிப் போய்ட்டாங்க. வெக்கப்பட்டு மூடறாங்கன்னுதான் அப்போ நினைச்சேன். தெருவுல நாலு பேர் பார்த்து என்னத் தப்பாப் பேசிடக்கூடாதுன்னு மூடினாங்கன்னு புரியறதுக்கு எனக்கு ரொம்ப நாளாச்சு.

எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தாரு. ஒரு மாசம் அவங்க கைச்சோறுதானே தின்னோம்னு மட்டும் சொன்னாரு. அது சாப்பாடு, இது படையல், ரெண்டும் ஒண்ணான்னு நான் எகிறினேன். அவர் பேப்பர எடுத்து முகத்துக்கு முன்னாடி பிடிச்சிக்கினாரு.

அக்கா சண்டை போட்டிருந்தா நான் பிழைச்சிருப்பேன். சண்டைல யாரும் என்ன ஜெயிச்சதில்ல. அவங்களோ எதிர்ல பார்த்தா தலைய ஆட்டிட்டுப் போவாங்க, அவ்ளோதான். அவங்க மருமக பிளவுஸு வேற கடைக்குப் போக ஆரம்பிச்சுது. நான் ஜெபத்துக்குக் கண்ண மூடினா சுவருக்கு அந்தப் பக்கம் தறி தட்டுற சத்தம். ஆண்டவரேன்னு ஆரம்பிப்பேன், மூடின தட்டு கண்ணு முன்னாடி வந்து நிக்கும். கிட்ட போகணும்னு எல்லாத்தையும் விட்டவ நான். இருந்த நெருக்கமும் போச்சு. வெறும் சுவத்துக்கிட்ட பேசற மாதிரி ஆயிடுச்சு.

கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது இனிப்புக் கலகலாவும் முறுக்கும் சுட்டேன். எங்க வீட்டு வழக்கம், பலகாரத்தையெல்லாம் மேஜைல பரப்பி, சுத்தி நின்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் வாயில வைப்போம். அந்த வருஷம் ஜெபத்துக்கு முன்னாடியே ஒரு டப்பால தனியா எடுத்து வச்சேன். அக்காவுக்கு. முட்டை போடாம, புது எண்ணெய்ல சுட்டது. நான் சொன்னத அவங்க எனக்கே திருப்பிச் சொல்லிடக்கூடாதுல்ல. சுட்டு வச்சேனே தவிர கொண்டு போகத் தைரியம் வரல. டப்பா ரெண்டு நாளும் அலமாரியிலயே இருந்துச்சு.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு விடியக்காலை அஞ்சு மணி ஆராதனை. புதுப் புடவை, பனி, சர்ச்சு முழுக்க சீரியல் பல்பு. ஆயர் பிரசங்கத்துல, ஆண்டவர வயித்துல சுமந்துக்கினு வந்த தாய்க்கு சத்திரத்துல இடமில்லன்னு சொல்லி அனுப்பினாங்களேன்னு சொன்னாரு. சின்ன வயசுல இருந்து இந்தக் கதையக் கேட்டு, அந்த ஆளுங்கள நான் வருஷா வருஷம் திட்டுவேன். எப்படி மனசு வந்துச்சு பாவிங்களுக்குன்னு. அன்னைக்குத் திட்ட வாய் வரல. வாசப்படிய விட்டு நகராம நின்னவ நான். எனக்கு அந்த ஆளுங்க மூஞ்சி தெரிஞ்சுபோச்சு, கண்ணாடில தினம் பார்க்கிற மூஞ்சிதான்.

திருவிருந்து நேரம் வந்துச்சு, அப்பமும் திராட்சரசமும் வாங்குற பந்தி. ஒருத்தரோட இருக்கிற மனஸ்தாபத்த சரி பண்ணாம அந்தப் பந்திக்குப் போகக்கூடாதுன்னு சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்காங்க. அத யாரும் நின்னு செக் பண்றதில்ல. எங்க வரிசை எழுந்துச்சு. நான் எழுந்திருக்கல. எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ திரும்பிப் பார்த்துட்டுத் தனியாப் போனாரு. திடப்படுத்தல் எடுத்து முதல் தடவ பந்தில சேர்ந்த நாள்ல இருந்து கிறிஸ்துமஸ் பந்திய நான் விட்டதே இல்ல. காலி பெஞ்சுல தனியா உட்கார்ந்திருந்தேன், காது சூடாயிடுச்சு.

வீட்டுக்கு வந்ததும் டப்பால இருந்தத ஒரு தட்டுல அடுக்கிக்கினே அவர்கிட்ட சொல்லிட்டேன். எட்டரைக்கு ரெண்டாவது ஆராதனை இருக்குது, அதுக்குள்ள நான் பக்கத்து வீட்டுக்குப் போய்ட்டு வரேன், அக்கா தட்ட வாங்கலன்னா இந்த வருஷம் எனக்குப் பந்தி கிடையாது. அவர் பைக் சாவிய ஆணில மாட்டாம கைலயே வச்சிக்கினு நின்னாரு.

அவங்களுக்கு அது சாதாரண வேலை நாள். வாசல்ல மார்கழிக் கோலம், உள்ள தறி ஓடிக்கினு இருந்துச்சு. நான் கதவுகிட்ட போய் அக்கான்னேன். சத்தம் நின்னுச்சு. அக்கா வெளிய வந்து வாசப்படியிலயே நின்னாங்க. தீபாவளிக்கு நான் செஞ்சது பெரிய தப்புக்கான்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். தட்ட நீட்டினேன். முட்டை இல்ல, எண்ணெய் புதுசுன்னு கடகடன்னு ஒப்பிச்சேன். ஜெபம் பண்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா எடுத்து வச்சிட்டேன், தாராளமா சாப்பிடலாம்னேன்.

அக்கா கைய நீட்டல.

"சாமிக்குக் காட்டாததையா எனக்குக் கொண்டாந்த?"

உங்களுக்கு சங்கடமா இருக்கக்கூடாதுன்னுதான் அப்படின்னு இழுத்தேன். அக்கா குரல உசத்தல.

"சாமிக்குக் காட்டாம இந்த வூட்ல நான் ஒரு பருக்கை வாயில வச்சதில்லம்மா. உன் வூட்டுக்காரர் கால் உடைஞ்சு கிடந்தப்ப ஒரு மாசம் சோறு கட்டினேனே, அத மட்டும் காட்டாமயா கட்டினேன்? விளக்கேத்தி, அந்தப் புள்ள எழுந்து நடக்கணும்னு வேண்டிக்கினுதான் தினம் கேரியர மூடுவேன்."

நான் ஒருத்தி ஜெபம் பண்ணித்தான் அந்தக் கால் கூடிச்சுன்னு மார்தட்டிக்கினு இருந்தவ. சுவருக்கு அந்தப் பக்கம் தினம் எங்க வீட்டுக்காகக் கை கூப்பி நின்னிருக்காங்க, நான் இந்தப் பக்கம் அந்த சோத்தத் தின்னுட்டுப் படையல் தொடமாட்டேன்னு பேசியிருக்கேன். வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணி எடுத்துக்கினு வரேன்க்கான்னு திரும்பினேன்.

"எங்க போற? இங்கயே பண்ணு. உங்க சாமி எங்க வூட்டுக்குள்ள வரமாட்டாரா?"

செருப்பக் கழட்டிட்டு உள்ள போனேன். அவங்க வீட்டுக்காரர் தறிய விட்டு எழுந்து கை கூப்பிக்கினு நின்னாரு. சாமி படத்துக்கு முன்னாடி விளக்கு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. வெள்ளிக்கிழமையானா அரை மணி நேரம் நிறுத்தாம ஜெபிக்கிறவ நான், அன்னைக்கு வார்த்தை வரல. ஆண்டவரே, வாங்க, எங்க அக்கா வீட்டுக்கு வாங்கன்னு அது மட்டும்தான் சொன்னேன். அழுதுட்டேன். ஆனா ரெண்டு மாசமாக் காணாமப் போனவர் அங்க இருந்தாரு. சத்தியமா இருந்தாரு. தறிக்கும் விளக்குக்கும் நடுவுல, எனக்கு அவ்ளோ கிட்டத்துல. நான் எதையெதையோ தள்ளித் தள்ளி அவருக்குக் கிட்ட போகப் பார்த்தேன். அவர் இங்க காத்துக்கினு இருந்திருக்காரு.

ஆமென்னு நான் சொல்றதுக்கு முன்னாடி அக்கா சொன்னாங்க. தட்ட வாங்கிக்கினு ஒரு கலகலாவ எடுத்துக் கடிச்சாங்க.

"வாய்தான் காரம். பலகாரம் இனிப்பாத்தான் இருக்குது."

அவங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு. தட்ட வெறுமனே திருப்பித் தர வழக்கம் இல்ல. அக்கா உள்ள போய் அதுல சுடச்சுட மார்கழிப் பொங்கல் வச்சிக் கொண்டாந்து நீட்டினாங்க. காலைல படைச்சதுதான், அத அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. ஆனா கைய நீட்டினபடி என்னையே பார்த்துக்கினு இருந்தாங்க. நான் அங்கயே நின்னு அள்ளித் தின்னேன். நாக்கு பொத்துப்போச்சு. தட்டு காலியாகற வரைக்கும் நிறுத்தல.

வாசல்ல பைக் ஸ்டார்ட் ஆகி நின்னுக்கினு இருந்துச்சு. ஏறி உட்காரும்போது பின்னாடி தறி மறுபடி ஓட ஆரம்பிச்சுது. சர்ச்சு வரைக்கும் நான் பேசிக்கினே போனேன், அவர் கேட்டுக்கினே ஓட்டினாரு.

இந்தத் தடவ பந்திக்கு முதல் ஆளா எழுந்தேன். அவசரத்துல அக்கா வீட்டுத் தொட்டியில கைய அலம்பிட்டு வந்ததுதான், முட்டி போட்டு நீட்டினா உள்ளங்கைல பொங்கல் நெய் மணக்குது. ஆயர் அந்தக் கைலதான் அப்பத்த வச்சாரு. நான் சொன்ன ஆமென் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சாம்.