ஷோகேஸ் கண்ணாடியில் தெரிந்த ஸ்கோர்

வாழைக்காய் மண்டியில் என்னைத் தெரியாதவர்களுக்குக்கூட இப்போது என் மனைவியின் குரல் தெரியும். மொபைலில் பேஸ்கட்பால் மேட்சுக்குத் தமிழில் வர்ணனை சொல்வது அவள்தான். "வீட்டுலயும் இப்படித்தான் மூச்சு விடாமப் பேசுவாங்களாண்ணே?" என்று கேட்பார்கள். நான் ஒரு தாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். முகத்தை மறைக்க வாழைத்தாரைவிட வசதியான பொருள் கிடையாது.

அவள் திருச்சியில் கல்லூரி டீமில் ஆடியவள். கடைசி வருஷம் முழங்கால் போய்விட்டது. நான் பத்தாவதோடு காந்தி மார்க்கெட்டுக்கு வந்தவன். தார்களை ரகம் பிரித்து, ஏலத்துக்கு வரிசையாக நிறுத்துவது என் வேலை. ஏலம் கூறச் சொல்லி முதலாளி பல தடவை கூப்பிட்டுப் பார்த்தார். நாலு பேர் பார்த்தால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்குத் தேவையான பேச்சையெல்லாம் அவளே பேசிவிடுவாள்.

போன வருஷம் ஒரு விளையாட்டுச் சேனலில் தமிழ் வர்ணனைக்கு ஆள் தேடினார்கள். ஸ்கூல் பிள்ளைகளுக்கு கோச்சாக இருந்தவள் எழுதிப் போட்டாள். சத்தம் இல்லாமல் ஒரு மேட்ச் ஓடும், பத்து நிமிஷம் பேசிக் காட்ட வேண்டும், கம்ப்யூட்டர் வழியாக வீட்டிலிருந்தே தேர்வு என்று பதில் வந்தது.

"இத்தனை வருஷமா கோட்டுக்கு வெளியில நின்னு விசில் ஊதுறேன். இது கெடச்சா மறுபடி உள்ள போன மாதிரிங்க" என்றாள்.

பழகிப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு நேரெதிரே கண்ணாடி போட்ட ஷோகேஸ் இருக்கிறது. நான் டிவிக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அவள் பேசுவதை மட்டும் கேட்டு ஸ்கோர் சொல்ல வேண்டும்.

முதல் நாள் பேசினாள். "அட அட அட! என்ன பாஸ்! என்ன ஷாட்!" எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் ஷோகேஸ் கண்ணாடியில் டிவி பளிச்சென்று தெரிந்தது.

"ஸ்கோர் என்ன?"

"எட்டு, பதினொண்ணு."

"பதினொண்ணு, எட்டு. பரவால்ல, மாத்திச் சொன்னாலும் சரிதான்!" அன்றைக்கு ராத்திரி கேசரி கிடைத்தது.

மறுநாளும் கண்ணாடியைப் பார்த்தேன். "ஒரு டீம் எண்பத்தொண்ணு" என்றேன்.

அவள் டிவியைப் பார்த்தாள். பதினெட்டு. "பத்து நிமிஷத்துல எண்பத்தொண்ணா? பந்தைப் போட்டாங்களா, கூடையோட கவுத்தாங்களா?" கேட்டுக்கொண்டே வந்தவள் என் தலைக்கு மேலாகக் கண்ணாடியில் 18 திரும்பி 81 ஆக நிற்பதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இதை நம்பி நான் அங்க போய் அசிங்கப்பட்டிருப்பேன்ல?"

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். "முதல்ல கத்துற. அப்புறம்தான் யாரு போட்டான்னு சொல்ற. சில நேரம் சொல்றதே இல்ல. எங்க மண்டியில இப்படிக் கூவினா ஒரு தார் போகாது. மொதல்ல பூவனா ரஸ்தாளியான்னு சொல்லணும். அப்புறம் பெருசா சிறுசா. விலை ஏற ஏறத்தான் குரலும் ஏறணும்."

கல்யாணமானதிலிருந்து நான் ஒரே மூச்சில் பேசியதிலேயே இதுதான் அதிகம்.

"இதை நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"நேத்து நீ சந்தோஷமா இருந்தே."

அடுத்த நாள் விடிகாலை பஸ்ஸில் அவளும் மண்டிக்கு வந்தாள். ஸ்டூல் போட்டு ஏலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சுமை தூக்குகிற ஒருவர் நின்று பார்த்தார். "என்னக்கா, தாருக்கு முதுகு காட்டுறீங்க? கோச்சுக்கப் போவுது."

"கோச்சுக்கிட்டா நீங்க சமாதானம் பண்ணுங்கண்ணே. நான் காதாலதான் பாக்குறேன்."

பத்துத் தார் போனது. எந்த ரகம் யாருக்குப் போனது என்று பத்தையும் தப்பில்லாமல் சொன்னாள்.

தேர்வன்று அலமாரியிலிருந்து தன் பழைய கல்லூரி ஜெர்சியை எடுத்து ஷோகேஸ் கண்ணாடிமேல் தொங்கவிட்டாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. என் முதுகுக்குப் பின்னால் மேஜையில் லேப்டாப்பை வைத்துப் பேச ஆரம்பித்தாள். நீல டீமிடம் பந்து, குட்டைப் பெண் ஓடுகிறாள், வெள்ளை மறிக்கிறது. ஜெர்சியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மேட்ச் தெரிந்தது.

கடைசி நொடியில் குட்டைப் பெண் எறிந்த பந்து வளையத்தின் மேலேயே சுற்றியது போலிருக்கிறது. "ஒரு தரம்..." என்றாள் இவள். அது எங்கள் ஏலக் கூவல். "ரெண்டு தரம்... மூணு தரம்! உள்ள போயிடுச்சு!"

போச்சு, மண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து இவள் வேலையைக் கெடுத்தேன் என்று நினைத்தேன். லேப்டாப்பில் சேனல்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"ஸ்கோர் என்ன?"

"நீலம் இருபத்தொண்ணு, வெள்ளை பதினாறு. கடைசி ரெண்டு பாயிண்டும் குட்டைப் பொண்ணு போட்டது."

"யாருங்க அது?" என்றது லேப்டாப்.

"எங்க வீட்டுக்காரர் சார்."

"கரெக்டா சொல்றாரே. அவரும் மேட்ச் பாக்குறாரா?"

"இல்ல சார். என் பழைய ஜெர்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கார்."

அங்கே இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். "அந்த ஒரு தரம், ரெண்டு தரத்தை விட்டுடாதீங்கம்மா. அடுத்த வாரம் மேட்ச் இருக்கு, ரெடியா இருங்க."

பின்னாலிருந்து அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். திரும்பலாம் என்று யாரும் சொல்லாததால், நான் இன்னும் ஜெர்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.