அக்காவின் நம்பர் எழுதிய பெட்டி

என் அக்காவை வீட்டில் எல்லோரும் 'பார்சல்' என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவன் நான். ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கிருமியை டப்பாவுல அடைச்சு பிளேன் ஏத்தி விடுறா" என்று சொல்லிச் சிரிப்பேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கோபப்படத் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான். எங்கள் குடும்பத்துக் கோபம் மொத்தமும் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அவள் வேலையை ஒழுங்காகவே சொல்கிறேன். நோயாளியிடம் எடுத்த ரத்த மாதிரி ஒரு சின்னக் குழாயில் இருக்கும். மூடியை இறுகத் திருகி, உறிஞ்சு தாளில் சுற்றி, கசியாத இன்னொரு டப்பாவுக்குள் வைப்பாள். உள்ளே இருக்கும் குழாய் அத்தனையும் உடைந்தாலும் அந்தத் தாளே குடித்துவிட வேண்டும். மாதிரி உறைந்தே இருக்க, டப்பாவைச் சுற்றி உலர்பனி, அதாவது டிரை ஐஸ், போடுவாள். அது உருகித் தண்ணீராகாது, புகையாகவே போய்விடும். எல்லாவற்றுக்கும் வெளியே கெட்டியான ஒரு பெட்டி. அதன் மேல் எச்சரிக்கைச் சீட்டும், ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டியவரின் ஃபோன் நம்பரும் இருக்கும். அது அக்காவின் நம்பர். பெட்டி போய்ச் சேரும்வரை ஃபோனை அணைக்க மாட்டாள். குளிக்கப் போனாலும் பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. பழகுவதற்காக, உலர்பனி மட்டும் போட்ட பெட்டி ஒன்றைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். இவள்தான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாளே, மூடியைச் சுற்றி இம்மி இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டிவிட்டாள். புகை போக வழியில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி உப்பி, மூடி டமார் என்று கூரையில் போய் அடித்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு வாய்கூடச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு, மூடியில் விட்ட இடைவெளியை விரலால் தடவிப் பார்க்காமல் அவள் எந்தப் பெட்டியையும் அனுப்பியதில்லை.

போன வருடம் நான் மோட்டார் ரிப்பேர் கடை திறந்தேன். ரிப்பன் வெட்ட அக்காவைத்தான் கூப்பிட்டிருந்தேன். கட்டட முதலாளி, என் மனைவி வீட்டார், தெருக்காரர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். அவள் கத்தரிக்கோலைப் பிடித்தாள், ஃபோன் அடித்தது.

"அதை அணைச்சுத் தொலைக்கா," என்று பல்லைக் கடித்தேன்.

கத்தரிக்கோலை என் கையில் திணித்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டே கைப்பையில் இருந்த குறிப்பு நோட்டைத் துழாவினாள். பேசியவர் வேறொரு ஊர் விமான நிலையத்தில், சரக்குக் கிடங்கு மேற்பார்வையாளர். அக்கா அனுப்பிய பெட்டி அங்கே பிளேன் மாற வேண்டும்.

"அம்மா, உங்க பெட்டி அடியில ஈரமா இருக்கு. மூடி வழியா புகை வேற வருது. ஆளுங்க யாரும் கிட்டவே போக மாட்டேங்கிறாங்க. எரிச்சிடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்."

அது எந்தப் பெட்டி என்று எனக்கே தெரியும். இரண்டு வாரமாக வீட்டில் அதே பேச்சு. ஒரு புதுக் காய்ச்சலில் படுத்த நாற்பது பேரிடம், காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது எடுத்த மாதிரிகள். நல்லவேளை, அத்தனை பேரும் பிழைத்து எழுந்துவிட்டார்கள். அதனாலேயே இனி ஒருமுறை எடுக்க வழி கிடையாது. எரித்தால் அக்காவின் ஆராய்ச்சிக் கூடத்து டாக்டரம்மாவின் இரண்டு வருட உழைப்பு சாம்பல்தான்.

அக்கா கெஞ்சவில்லை, கத்தவில்லை.

"புகை இப்பவும் வருதா? தள்ளி நின்னே நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, தம்பி."

"வருதும்மா, வருது!"

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அப்போ உலர்பனி இன்னும் இருக்கு. உள்ள எல்லாம் கல்லா உறைஞ்சு கிடக்கு. கல்லு எப்படிப்பா ஒழுகும்? அந்தப் புகை போக நான்தான் இடம் விட்டிருக்கேன், அடைச்சிடாதீங்க."

"அப்போ ஈரம்?"

"ஐஸ் தண்ணி பாட்டில் வெளிய வேர்க்குதில்ல, அப்படித்தான் இருக்கும். ஆனா என் வார்த்தையை மட்டும் நம்பாதீங்க. யாரும் தொட வேண்டாம். காத்தோட்டமா கதவைத் திறந்து வெச்சுட்டு சுகாதார அதிகாரியைக் கூப்பிடுங்க. உலர்பனி பத்து கிலோ வெச்சேன். கட்டுறப்போ இருந்த மொத்த எடை என் நோட்டுல இருக்கு, சொல்றேன். அவர் எடை போட்டா எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சிடும். அவர் வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தாள். நாற்பது நிமிடம். வந்தவர்களுக்கு இரண்டு சுற்று டீ போனது. கட்டட முதலாளி வாட்சைப் பார்த்துப் பார்த்து முனகினார். "கொஞ்சம் சும்மா இருங்க சார், எங்க அக்கா பேசிக்கிட்டிருக்காங்க," என்றேன். வாடகைக்கு வந்தவன் முதல் நாளே பேசுகிற பேச்சா அது? எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, என்ன செய்ய.

அதிகாரி வந்தார், பார்த்தார், எடை போட்டார். உலர்பனி ஆறு கிலோவுக்கு மேல் மிச்சம் இருந்தது. ஈரம் வெளியே வேர்த்ததுதான். பெட்டி அடுத்த பிளேனில் ஏறியது. அக்கா வந்து ரிப்பனை வெட்டினாள். கூட்டம் கலைந்ததும் கேட்டேன்.

"ஏன்க்கா, புகை வரலைன்னு அந்த ஆளு சொல்லியிருந்தா?"

"பனி தீர்ந்து உள்ள உருகியிருக்கும். எரிச்சிடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்."

"டாக்டரம்மாவோட ரெண்டு வருஷம்?"

"அங்க பயந்துபோய் நின்னவங்களுக்கும் வீடு, பிள்ளைங்க இருக்கில்லடா," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள்.

நான் இன்னும் அவளைப் 'பார்சல்' என்றுதான் கூப்பிடுகிறேன். வீட்டுக்கு வெளியே வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்குப் போய்விடுகிறேன்.