மடங்காத விரலுக்காக ஸ்தோத்திரம்

சகோதர சகோதரிகளே, கூட்டாமல் குறைக்காமல், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். சென்ற ஜூன் மாதம், ஒரு பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் தையல் ஆசிரியராகச் சேர்வதற்குப் பயிற்சி எடுத்தேன். பகலில் பயிற்சி, மாலையில் கம்பெனி. மாதிரி வகுப்பில் தேறினால்தான் வேலை. இரண்டு முறை தோற்றேன்.

கம்பெனியில் ஒருத்தி தடுமாறினால் பீஸைப் பிடுங்கி நாமே தைத்துவிடுவோம். வேலை நிற்கக் கூடாது. வகுப்பிலும் என் கை அதையே செய்தது.

"நீங்க தெச்சுட்டீங்க, சரிங்க. அந்தப் புள்ள என்னத்தைங்க கத்துக்கிச்சு?" என்றார் பயிற்சி தந்த மேடம். "திங்கக்கிழமை கடைசி வாய்ப்புங்க."

அழுதேன். "ஆண்டவரே, என் கையை ஆசீர்வதியும்" என்று உபவாசமிருந்து ஜெபித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினின் ஊசி என் வலது ஆள்காட்டி விரலில் இறங்கி உள்ளேயே ஒடிந்தது. சனிக்கிழமை ஆபரேஷன். மணிக்கட்டுவரை கட்டு. அதற்குள் கம்பெனியில் என் இடத்தில் வேறொருத்தியை வைத்துவிட்டார்கள்.

"ஏ டீச்சரம்மா, சோத்த இனி எந்தக் கையால திங்கப் போற?" என்றார் என் வீட்டுக்காரர். எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம்; கேலியும் உப்பாகத்தான் வரும். ஞாயிறு ஆராதனைக்கு நான் போகவில்லை. கேட்டதற்கு இதுதான் பதிலா என்ற கசப்பு.

திங்கட்கிழமை, பனியனுக்குக் கழுத்துப் பட்டி வைக்கும் பாடம். பவித்ரா என்ற மாணவி பட்டியை இழுத்துத் தைத்தாள். கழுத்து சுருங்கியது. என் கை தானாக எழுந்து மேஜையில் இடித்தது. உயிர் போகும் வலி. உட்கார்ந்துவிட்டேன்.

"விடுங்க டீச்சர், நானே பிரிச்சுப் பாக்கறனுங்க" என்றாள் அவள்.

கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. "முன்னால இழுக்காதம்மா. துணி தானாப் போகும், நீ கூடவே போ." மறுபடி கோணியது, பிரித்தாள். அடுத்த முறை பட்டி படிந்து உட்கார்ந்தது. அவள் சிரித்தாள்.

"இன்னைக்குத்தானுங்க நீங்க க்ளாஸ் எடுத்தீங்க" என்றார் மேடம்.

வேலை கிடைத்தது. விரல் இன்னும் மடங்கவில்லை. வேறு வழியே ஆண்டவருக்குத் தெரியாதா என்று இன்றும் கேட்கிறேன். ஒரு பிள்ளை தவறாகத் தைக்கும்போது என் கை எழுகிறது. அந்த விரல் வலித்து என்னை உட்கார வைக்கிறது. ஸ்தோத்திரம் சொல்கிறேன், சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நீங்களும் அவரிடம் கேளுங்கள். நாம் கேட்ட விதத்தில் தரமாட்டார். ஆனாலும் கேளுங்கள்.