கதவு தட்டாத கணக்கெடுப்பு

செவ்வாய்க்கிழமை காலை நடந்தவை, வரிசைப்படி:

1. ஒன்பதரை மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நான் இருக்கும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலேயே வசிக்கும் முன்பின் தெரியாத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பகுதியின் பேருந்துச் சேவை பற்றிப் பத்து நிமிடக் கேள்விகள்.
2. அவர் வேண்டாம் என்றார். இரண்டு முறை நன்றியும் சொன்னார். இந்த ஊரில் கதவைச் சாத்துவதைக்கூட நன்றி சொல்லித்தான் சாத்துகிறார்கள்.
3. கணினியில் 'மறுத்தார்' என்பதற்குரிய எண்ணை அழுத்தினேன்.
4. எங்கள் குழுத்தலைவி கேரன் பின்னால் வந்து நின்று, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அதை 'யாரும் எடுக்கவில்லை' என்று மாற்றினாள்.
5. நான் அடுத்த எண்ணை அழைத்தேன்.

ஏன் மாற்றினாள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேசக் கிடைத்தவர்களில் எத்தனை பேர் ஒத்துழைத்தார்கள் என்ற விகிதம் சுவரில் ஒரு பலகையில் ஓடிக்கொண்டிருக்கும். மறுத்தவர்கள் கூடினால் அது இறங்கும். போனையே எடுக்காதவர்கள் அதில் சேர மாட்டார்கள். ஆகவே மறுத்தவரை இல்லாதவராக ஆக்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நான் தடுக்கவில்லை. காரணம், இதே நிறுவனத்தில் தரச் சோதகர் என்று ஒரு நிரந்தர வேலை காலியாக இருக்கிறது. மற்றவர்களின் அழைப்புகளைக் கேட்டு, பதிவுகள் உண்மைதானா என்று சரிபார்க்கும் வேலை. கிடைத்தால் நிறுவனமே என் விசாவுக்குப் பொறுப்பேற்கும். கிடைக்காவிட்டால் ஐந்து மாதத்தில் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். அந்த வேலைக்கு என்னைப் பற்றி எழுதித் தர வேண்டியவள் கேரன்.

தேனி மாவட்டம் காமயகவுண்டன்பட்டியில் இருந்துகொண்டு சோசியாலஜி எம்.ஏ. படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்பதை நான் முறையாகவே ஆராய்ந்திருக்கிறேன். ஒரு கல்லூரியில் முதல் கேள்வியே நாங்கள் எந்த ஆளுக, அதாவது என்ன சாதி, என்பதுதான். இரண்டாவது கேள்வி, எவ்வளவு தர முடியும். பள்ளிக்கூடத்தில் பி.எட். கேட்டார்கள். கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கடையில் பில் அடிக்க ஆள் தேடினார்கள். முதலாளி என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "எம்.ஏ. படிச்ச புள்ளைய, கூட்டல் தப்பாப் போட்டா வையவும் முடியாதேம்மா, அதான் யோசிக்கேன்" என்றார். கடைசியில், எம்.ஏ.வோடு சேர்த்துப் படித்த கணினி டிப்ளமோவை நம்பித் தேனியில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. வீடுவீடாகப் போய் எழுதிய பாரங்களைக் கணினியில் ஏற்றி அட்டவணை போட வேண்டும். தினமும் டவுன் பஸ்ஸில் கம்பம், அங்கிருந்து தேனி. சம்பளத்தின் பெரும்பகுதியைக் கண்டக்டர்கள் பிரித்துக்கொண்டார்கள். ஆனாலும் அது படித்த படிப்புக்கு உரிய வேலை. வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கழிப்பறை, குடிநீர், படிப்பு பற்றிய அந்தக் கணக்கெடுப்பில் மூன்றாம் வாரம் எங்கள் ஊர்ப் பாரங்கள் வந்தன. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் நான்கு, ஐந்து, மூன்று. மறுபடி நான்கு, ஐந்து, மூன்று. ஊர் முழுக்க இப்படியே பிள்ளை பெற்றிருந்தது. அந்த அடுக்கில் எங்கள் வீடும் இருந்தது. குடும்பத் தலைவர், என் அப்பா பெயர். கழிப்பறை, இல்லை. பட்டம் படித்தவர், இல்லை. பட்டம் படித்தவள் அந்தப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கணக்கெடுக்க யாரும் வந்தாகளாம்மா?"

"ஒருத்தரும் வரலையேத்தா. ஏன்?"

"நம்ம வீட்டுல கக்கூஸ் இல்லைன்னு எழுதியிருக்கு."

"எந்தப் பய எழுதுனான்? அவன் வீட்டுல இருக்கான்னு மொதல்ல கேளு. திராட்சை வித்த காசை மொத்தமா அதுலல்ல போட்டாக ஒங்கப்பா!"

எழுதியவர் எங்கள் களப்பணியாளர் செல்வம். என்னைப்போல எம்.ஏ.; அவர் வரலாறு. கேட்டபோது அவர் வெட்கப்படக்கூட இல்லை. "அக்கா, பாரத்துக்கு அவக குடுக்குறது பஸ்ஸுக்கும் டீக்குமே காணாது. வீடு வீடா ஏறி எறங்குனா மூணு மாசம் ஆகும். வாக்காளர் பட்டியல் கையில இருக்கு. திராட்சைப் பந்தலுக்கு அடியில உக்காந்தா நெழலாச்சும் கெடைக்கும். நடந்ததை எழுதுறதுதான் எங்க படிப்பு. நடக்காததையும் எழுதப் பழகிக்கிட்டேன்." பேனாவை மாற்றி மாற்றி எழுதியதாகவும், சில பாரங்களுக்கு இடது கையைப் பயன்படுத்தியதாகவும் சொன்னார். அதில் அவருக்குக் கொஞ்சம் தொழில் பெருமையும் இருந்தது.

நிறுவன இயக்குநரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒங்க வீட்டுப் பாரத்தை மட்டும் திருத்திக்கம்மா. மனசு கஷ்டமா இருக்கும்ல" என்றார்.

திருத்தினேன். கழிப்பறை, உண்டு. பட்டம் படித்தவர், ஒருவர். மீதி எல்லாவற்றையும் இருந்தபடியே ஏற்றினேன். செல்வத்தின் மீதும் இயக்குநர் மீதும் எனக்கு வந்த அருவருப்பு, பல ஆண்டுகளுக்குப் பிறகு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதில் என் பங்கைக் கழித்துக் காட்ட எந்த மென்பொருளாலும் முடியவில்லை. வேலையை விட்டு வரும்போது இயக்குநர் தந்த அனுபவச் சான்றிதழில் 'நேர்மை மிக்கவர்' என்று இருந்தது. அதைக் காட்டித்தான் இங்கே படிக்க இடம் வாங்கினேன். சமூக ஆய்வில் இன்னொரு எம்.ஏ. அதைப் படித்துவிட்டு, ஓராண்டாகத் தொலைபேசியில் கேள்வி கேட்கிறேன். வார இறுதியில் ஒரு கிடங்கில் துணிகளை அளவுவாரியாகப் பிரிக்கிறேன். இங்கே வந்தவர்களில் பலர் இதைத்தான் செய்கிறோம். ஊருக்குப் பேசும்போது முதல் வேலையை மட்டும் சொல்கிறோம்.

அன்று மதிய இடைவேளையில் கேரனிடம் பேசினேன். அவள் கெட்டவள் அல்ல. என் பெயரைச் சரியாக உச்சரிக்க முயல்கிற ஒரே ஆள். எங்கள் வீட்டுப் பாரத்தின் கதையை, கழிப்பறை உட்பட, எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில் முழுவதும் சொன்னேன். நீ இன்று செய்ததும் இதுதான் என்று அடுத்துச் சொல்லவிருந்தேன். அதற்குள் அவள் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓ லவ், அம்மா ஞாபகம் வந்துவிட்டதா?" என்று இந்த ஊர்ச் செல்ல வார்த்தையில் கேட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். பிறகு, இந்தியாவில் இப்படியெல்லாம் நடக்குமா, பாவம், என்றாள். இங்கேயும்தான் நடக்கிறது என்று பலகையைக் காட்டினேன். அவள் சிரித்தாள். அது வெறும் ஓர் எண்தானே, அதைப் போட்டு இவ்வளவு யோசிக்காதே என்றாள். தேனியில் இயக்குநரின் மின்விசிறிக்கு அடியில் கேட்ட அதே அன்பான குரல். மொழிதான் வேறு. இங்கே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் வேலை முடிவதற்கு முன், அன்று நான் அழைத்தவர்களில் கேரன் மாற்றிய பதிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, மறுபடி 'மறுத்தார்' என்று போட்டேன். என் பதிவுகளை மட்டும் அல்ல. என் வரிசையில் இருந்த மற்றவர்களிடமும் அவரவர் பதிவுகளைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேர் பார்த்தார்கள். பலகையில் விகிதம் இறங்கியது. மாற்றியவற்றின் பட்டியலை மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, கேரனுக்கும் ஒரு நகல் வைத்தேன். கேரன் கோட்டை மாட்டிக்கொண்டு எப்போதும்போல எல்லோருக்கும் பை சொன்னாள், என்னைத் தவிர.

இன்றைய நிலவரம் இது. அடுத்த வாரத்துக்கு எனக்கு ஐந்து ஷிப்டுக்குப் பதில் இரண்டு. தரச் சோதகர் வேலைக்கு நேர்காணல் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் அதில் இல்லை. மேலாளர் பதில் எழுதவில்லை. தேனி இயக்குநர் எழுதியிருக்கிறார்: புதிய திட்டம் வந்திருக்கிறதாம், வெளிநாட்டில் படித்த பிள்ளை பொறுப்பில் இருந்தால் மதிப்பாம், எப்போது வருகிறேன் என்று கேட்கிறார். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. விசா ஆகஸ்ட்டில் முடிகிறது.