அரசியல் கைதியின் மடியில்

நான்காம் வகுப்பு முடியப்போகிறவரை எனக்குக் காது குத்தவில்லை. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் கைக்குழந்தைகள்கூடத் தோடு போட்டுக்கொண்டு கிடந்தபோது நான் மட்டும் வெறுங்காதோடு பள்ளிக்கூடம் போனேன். "உங்க வீட்ல பவுன் இல்லையா?" என்று பக்கத்து பெஞ்சுக்காரி கேட்பாள். பவுன் இருந்தது. மாமாதான் இல்லை. காது குத்தும்போது பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். என் அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் ஜெயிலில் இருந்தார்.

ஏன் இருக்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அக்கம்பக்கத்தில் கேட்டால் அம்மா, "தம்பி துபாயில இருக்கான்" என்பாள். அப்பா குற்றவாளி என்பார். அப்பாவின் அக்காவான அத்தை, "குண்டு வச்ச பய" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். டிவிக்காரர்கள் தீவிரவாதி என்றார்களாம். மாமாவையே கேட்டுவிடலாம் என்று ஒரு தடவை ஜெயில் கம்பிவலைக்கு இந்தப் பக்கமிருந்து கத்திக் கேட்டேன். "நான் அரசியல் கைதி பாப்பா" என்று அந்தப் பக்கமிருந்து கத்திச் சொன்னார். கேட்காமலே இருந்திருக்கலாம். அரசியல் என்றால் எனக்குத் தெரிந்தது வெள்ளைச் சட்டை, கொடி கட்டிய கார், பஸ் ஸ்டாண்டில் ஆளுயர போஸ்டர். மாமாவிடம் வெள்ளைச் சட்டை மட்டும் இருந்தது. அதுவும் ஜெயிலில் கொடுத்தது.

இப்போது எனக்குத் தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் குழம்பினதுபோல நீங்களும் குழம்புவீர்கள். மாமா ஸ்ரீரங்கத்தில் பிறந்து கொள்ளிடத்தில் குளித்து வளர்ந்தவர். ஆற்றில் மணல் அள்ளிய லாரிகளை மறித்ததில் எல்லாம் ஆரம்பித்தது. மனுக் கொடுத்தார், அடி வாங்கினார், மறுபடியும் மனுக் கொடுத்தார். பிறகு மனுக் கொடுப்பதெல்லாம் வெட்டிவேலை என்று சொன்ன சிலரோடு சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்று நம்பி, ஒரு தாலுகா ஆபீஸில் குண்டு வைத்தார்கள். ஆபீஸுக்கு லீவு. வாட்ச்மேனுக்கு ஏது லீவு? சுவரோரம் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த மனுஷனுக்கு இரண்டு காதும் போயின. கோர்ட்டில் மாமா எதையும் மறுக்கவில்லை. "அரசாங்கத்தை எதிர்த்துச் செய்தேன், நான் அரசியல் கைதி" என்றாராம். ஜட்ஜ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு தண்டனையைப் படித்தாராம்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். "உன் தம்பி எதிர்க்குற அரசாங்கத்துலதான் நான் டிக்கெட் கிழிக்கிறேன். அந்தச் சம்பளத்துலதான் நீ அவனுக்குப் பழம் வாங்கிட்டுப் போற" என்று அம்மாவிடம் எகிறுவார். எகிறிவிட்டுக் கொய்யாப்பழம் நல்லதாகப் பார்த்து வாங்கி வருபவரும் அவர்தான். அப்பாவை அப்போது எனக்குப் புரிந்ததே இல்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மா என்னை அழைத்துக்கொண்டு மனுப் போட்டு மாமாவைப் பார்க்கப் போவாள். பார்வையாளர் இடத்தில் ஊரே கூடிக் கத்திக்கொண்டிருக்கும். அழுகிற குரலும் அதட்டுகிற குரலும் கலந்து, பேசியது பாதிதான் காதில் விழும். அதை முடித்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து லால்குடி பஸ் ஏறுவோம். லால்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு இன்னொரு மாமா இருந்தார். அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் லால்குடி மாமா. சொந்தக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வாட்ச்மேன்தான் அவர் என்று எனக்குத் தெரியாது. முதல் தடவை அம்மா போனபோது அவர் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்களாம். அம்மா விடவில்லை. அடுத்த மாதமும் போனாள், அதற்கடுத்த மாதமும் போனாள். எந்த மாதம் கதவு திறந்தது என்று அம்மா சொன்னதில்லை.

லால்குடி மாமாவுக்கு ஏன் காது கேட்காது என்று கேட்டதற்கு, "வெடி வெடிச்சிருச்சு" என்று அம்மா சொல்லியிருந்தாள். தீபாவளி வெடி என்று நினைத்துக்கொண்டேன். யார் வெடித்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அதனால் தீபாவளிக்கு நான் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்வேன்.

அவரோடு பேச நாங்களே சைகைகள் செய்து வைத்திருந்தோம். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு. மேலே தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டதுபோல ஆடினால் பஸ். தலைக்குமேல் கை வைத்தால் மழை. முகத்தைச் சுளித்தால் வலி. அவர் காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். நான் என் காதைத் தொட்டு, முகத்தைச் சுளித்து, கையை விரித்துக் காட்டுவேன். வலிக்கிறதா என்று அர்த்தம். "பரவால்லம்மா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அவரும் மாமாதானே, அவர் மடியில் உட்கார்ந்து குத்திக்கொள்ளட்டுமா என்று ஒருநாள் பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். எனக்கு எப்படியாவது காதில் தோடு தொங்கவேண்டும், அவ்வளவுதான். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "மடி என் தம்பி மடிதான்டி. ஆனா அவரும் பக்கத்துல இருக்கணும்" என்றாள். அவளுக்கு அந்த ஒரு ஆசைதான் இருந்தது. அதற்காகத்தான் என் காதை அத்தனை வருஷம் சும்மா விட்டுவைத்திருந்தாள்.

குறுக்கே நின்றது மாமாவேதான். விசேஷத்துக்கு ஒருநாள் லீவு கேட்டு அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அதில் தண்டனைக் கைதி என்று அச்சடித்திருந்ததாம். "அதுல நான் கையெழுத்துப் போட்டா நான் சொன்னதெல்லாம் பொய்யாயிரும்க்கா" என்று கம்பிவலைக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். "உன் கொள்கைய என் பிள்ள காதுலயாடா காட்டணும்?" என்று அம்மா கத்தியது, அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் எல்லோருக்கும் கேட்டது. பக்கத்தில் புருஷனைப் பார்க்க வந்த ஒரு அம்மாள், "நல்லாக் கேளும்மா" என்று ஒத்து ஊதினாள். கடைசியில் மாமா போட்டார். கையெழுத்துக்குக் கீழே அரசியல் கைதி என்றும் எழுதிவைத்தார். அதை ஜெயில் அதிகாரி ஒருவர் அடித்துவிட்டு மேலே அனுப்பினார். இரண்டு பக்கமும் ஜெயித்ததாக எண்ணிக்கொண்டார்கள்போல.

லீவு கிடைத்தது, போலீஸ் காவலோடு. அதுவும் ஸ்ரீரங்கத்தில் அவருடைய வீட்டு விலாசத்துக்கு மட்டும். குலதெய்வம் கோயிலில் நடக்கவேண்டிய விசேஷம், தாத்தா போனபிறகு பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கு மாறியது. "சாமி இருக்குற எடத்துக்கு நாம போவோமா, கைதி இருக்குற எடத்துக்குச் சாமி வருமா?" என்று அத்தை குதித்தாள். அப்பா ஒட்டடைக்கொம்பை எடுத்துக்கொண்டு முதல்நாளே போய் வீட்டைச் சுத்தம் செய்தார்.

மாமா போலீஸ் வேனில் வந்து இறங்கினார். "அரசியல் கைதிக்கு விலங்கு போடக் கூடாதுங்க" என்றார். கூட வந்த ஏட்டு, "அதான் கழட்டுறேன்ல தம்பி, செத்த இருங்க" என்று சாவியைத் தேடினார். சீர்த்தட்டை அம்மாவே வாங்கி, அம்மாவே அடுக்கி, மாமா கையில் கொடுத்தாள். மாமா அதை வாங்கி, தாய்மாமன் சீர் என்று அம்மாவிடமே கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவோ ரொம்பப் பெருமையாக வாங்கிக்கொண்டாள்.

மடியில் உட்கார்ந்தால் கால் தரையில் கிடந்தது. அவ்வளவு பெரியவளாகிவிட்டேன். மாமாமேல் ஜெயில் சோப்பு வாசனை. அவ்வளவு கிட்டத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. என்னைப் பிடித்திருந்த கைகளைக் குனிந்து பார்த்தேன். இந்தக் கைதான் குண்டு வைத்ததா என்று நினைக்க நினைக்க ஆசாரி நறுக்கென்று குத்திவிட்டார். ஐயோ, நான் போட்ட கூச்சலில் ஏட்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தே விட்டார். இரண்டாவது காதும் ஆனது. வாயில் காப்பரிசியைத் திணித்தார்கள். அழுகையும் வெல்லமும் சேர்ந்து தொண்டையில் அடைத்தன.

அப்போதுதான் லால்குடி மாமா வாசலில் வந்து நின்றார். வெளுத்த சட்டை, காதில் புதுப் பஞ்சு, கையில் வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டு. மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. கோர்ட்டில் பார்த்த முகம் மறக்குமா?

"அக்கா, இவர எதுக்குக் கூப்பிட்ட?" என்றார்.

"எனக்கு அண்ணன் மாதிரி, கூப்பிட்டேன். உனக்கு அவர்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லு. அவருக்குக் காது கேக்காது, பாப்பா எடுத்துச் சொல்லுவா" என்றாள் அம்மா.

மாமா என்னை மடியில் நேராக உட்காரவைத்தார். பிறகு, மனப்பாடம் செய்த பிள்ளையைப்போல ஆரம்பித்தார். "இவருக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. ஆனா நாங்க இவர எதிர்த்து எதுவும் செய்யல. எங்க போராட்டம் அரசாங்கத்தோட. நான் கிரிமினல் இல்ல, அரசியல் கைதி. இத அவர் புரிஞ்சுக்கணும். சொல்லு பாப்பா."

நான் விழித்தேன். அரசாங்கத்துக்கு எங்களிடம் சைகை இல்லை. டிக்கெட் கிழிப்பதுபோலக் காட்டினால் அப்பா என்று நினைத்துக்கொள்வார். போராட்டத்துக்குச் சைகை இல்லை. கிரிமினலுக்கும் அரசியல் கைதிக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியாதபோது கையால் எதைக் காட்டுவது? காது வேறு தீயாய் எரிந்தது. அம்மா, அப்பா, அத்தை, ஏட்டு, ஆசாரி எல்லோரும் என்னையே பார்த்தார்கள். லால்குடி மாமாவும் தட்டைப் பிடித்தபடி என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விரலைத் திருப்பி மாமாவைக் காட்டினேன். அப்புறம் என் காதைத் தொட்டு, முகத்தைச் சுளித்து, கையை விரித்தேன். மாமா கேட்கிறார், காது வலிக்கிறதா?

லால்குடி மாமா என்னைவிட்டு அவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"இப்ப பரவால்லங்க தம்பி" என்றார், வழக்கம்போல ஊருக்கே கேட்கும் குரலில். "பனிக்காலத்துலதான் தாங்க முடியல. கோர்ட்டுலயே உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாளாச்சும் கேப்பீங்கன்னு. கேட்டுட்டீங்க."

எனக்குக் கீழே மாமாவின் தொடை கட்டையாக விறைத்தது. வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் திறந்தாரா, எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். எங்கள் சைகைகள் அத்தனையும் அம்மாவுக்கும் தெரியும். அவள் நினைத்திருந்தால் அப்போதே திருத்தியிருக்கலாம். "இலை போட்டாச்சு, எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பந்தியில் இரண்டு மாமாக்களையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார் அப்பா. லால்குடி மாமா மட்டும் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார். வேன் ஏறப்போகும்போது மாமா என்னிடம் குனிந்து, "நான் சொன்னத அப்படியே சொன்னியா பாப்பா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். பிறகு ஏட்டிடம், "அரசியல் கைதிக்கு விலங்கு கூடாதுங்க" என்றார். "சரிங்க தம்பி, கைய நீட்டுங்க" என்றார் ஏட்டு. நீட்டினார்.

அடுத்த தடவை ஜெயிலுக்குப் போனபோது என் காது நன்றாக ஆறிவிட்டிருந்தது. தோட்டைக் காட்டலாம் என்று முண்டியடித்துக்கொண்டு கம்பிவலைக்கு முன்னால் போய் நின்றேன். மாமா தோட்டைப் பார்க்கவில்லை. வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, மற்றவர்கள் கத்துவதற்கு மேலே கத்தினார்.

"பாப்பா, இன்னைக்கு லால்குடி போவீங்கல்ல? அவருக்குக் காது இன்னும் வலிக்குதான்னு கேட்டுட்டு வா. நான் கேட்டேன்னு சொல்லு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அதான் அன்னைக்கே கேட்டாச்சே மாமா! நீங்கதானே கேட்டீங்க!" என்று நானும் கத்தினேன்.

மாமா நெற்றியை வலையில் முட்டுக்கொடுத்து நின்றார். திரும்பிப் பார்த்தால் அம்மா சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தீர்ப்பு வந்த அன்றுகூட அழாதவள் என்று அவளைப் பற்றி அப்பா சொல்வார். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பதற்கு ஒருத்தர் ஏன் இப்படி நிற்கவேண்டும், இன்னொருத்தர் ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஜெயிலில் இருந்தால் ஞாபகமறதி வந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன். லால்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதும் மாமாமேல் எரிச்சலாகத்தான் இருந்தது. பதில் எனக்கே தெரியும், பனிக்காலத்தில்தான் தாங்காது.

ஆனாலும் போய்க் கேட்டேன்.