பின் கேஜால் அளந்த பால் பாட்டில்

1. லேபில்

வெளிமாநிலத்தில், சாகண் என்ற ஊரில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் குவாலிட்டி இன்ஜினியர். ஒரு மதியம், அளவு பார்க்கும் லேபில் என் மகளின் பால் பாட்டில் நிப்பிளைக் கவிழ்த்து வைத்து, அதன் துளைக்குள் பின் கேஜ்களை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் கேஜ் என்பது துளையின் விட்டத்தைச் சரிபார்க்கும் மெல்லிய எஃகுக் கம்பி. ரப்பரை அளப்பதற்கு அது செய்யப்படவில்லை. அது எனக்கும் தெரியும்.

மகள் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. எனக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு, நெடுநாள் காத்திருந்து வந்த குழந்தை. பால் குடிக்கும்போதெல்லாம் பாதி மூக்கு வழியாக வந்தது. குடித்துக் குடித்தே களைத்துத் தூங்கிவிடுவாள். எழுந்ததும் பசியில் அழுவாள். பிறந்தபோது இருந்த எடைகூட இல்லை.

என் மனைவி ரேவதிக்குப் பால் போதவில்லை என்று நினைத்துப் பாட்டிலுக்கு மாறினோம். அப்போதும் அப்படியே. பால் மாவைச் சந்தேகப்பட்டு வேறு டப்பா வாங்கினேன். தண்ணீரைச் சந்தேகப்பட்டு கேன் மாற்றினேன். ஊட்டும் விதத்தில் தவறோ என்று, பொள்ளாச்சியிலிருந்து உதவிக்கு வந்திருந்த மாமியாரைக் கதவோரம் நின்று பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"கொழந்தைன்னா கக்கத்தானுங்க செய்யும் மாப்ள," என்றார்.

பிரசவம் பார்த்த இடத்திலும் எல்லாம் நார்மல் என்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மிச்சம் இருந்தது பாட்டில்தான்.

லேப் பொறுப்பாளர் ஸ்டெல்லா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவர் தமிழில் இந்தி தாராளமாக வரும்.

"இது எந்தக் கஸ்டமர் பார்ட் சார்? ட்ராயிங் கிதர், எங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் நிப்பிளை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"அரே, இது டீக் இருக்கு, சரியாத்தான் இருக்கு. ரெண்டு பார்ட் சேர்ற எடத்துல லீக்குன்னா ஒண்ண மட்டும் ஏன் செக் பண்றீங்க? பாப்பா வாய யார் பாத்தா?"

உதடு, ஈறு எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

"அது வெளிய. நான் உள்ள கேக்கறேன்."

2. வீட்டில்

அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்குப் போனேன். குழந்தை அழுதபோது ரேவதி மடியில் பிடித்துக்கொள்ள, போன் டார்ச்சை அடித்தேன். மேலண்ணத்தின் முன்பகுதி இருந்தது. பின்பகுதி நடுவில் பிளந்திருந்தது. அந்த இடைவெளிக்கு மேலே மூக்கின் உட்புறம் தெரிந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "மாசமா இருக்கறப்ப கிரகணத்தன்னிக்குப் பூசணிக்கா அரிஞ்சா இவ. வேண்டாம்னு நான் போன்லயே சொன்னனுங்க."

ரேவதி குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நகரின் கேம்ப் பகுதியில் இருந்த குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் நாக்கை அழுத்தி உள்நாக்கு வரை பார்த்தார். அண்ணப் பிளவு. உதட்டில் பிளவு இருந்தால் பிறந்ததுமே தெரிந்துவிடும். அண்ணத்தில் மட்டும் இருந்தால், யாரும் உள்ளே சரியாகப் பார்க்காதவரை தெரியாமல் போகலாம் என்றார். உறிஞ்சுவதற்கு வாய் நன்றாக மூடிக்கொள்ள வேண்டும்; இவளுக்கு மேலே திறந்திருந்தது. தாய்ப்பாலிலும் குறையில்லை, டப்பாவிலும் குறையில்லை. பால் நுரையீரலுக்குப் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கிரகணத்தில் கத்தி எடுத்ததாலா என்று ரேவதி இந்தியில் கேட்டாள். மருத்துவர் சிரிக்கவில்லை. கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் அண்ணம் சேர்ந்துவிட வேண்டும். அது சேராமல் போக, பரம்பரை உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். பெரும்பாலும் இன்னதென்று சொல்ல முடியாது. கத்திக்கும் கிரகணத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்றார்.

மாமியார் என் சட்டைக் கையைத் தொட்டார். "டாக்டரம்மா என்னங்க மாப்ள சொல்றாங்க?"

தமிழில் சொன்னேன்.

"அப்ப யாருதான் காரணமாமா?"

"யாருமில்லீங்க அத்தை."

அவர் நம்பவில்லை. இன்றாவது நம்புகிறாரா என்று எனக்குத் தெரியாது.

அழுத்தினால் பால் வரும் மென்மையான பாட்டில் ஒன்றைத் தந்தார்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அவள் விழுங்குவதைப் பார்த்துப் பார்த்து அழுத்த வேண்டும். ரேவதிக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. பாதிப் பால் இறங்கியும் மூக்கில் வரவில்லை. அவள் நம்பாமல் மூக்கடியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

3. இப்போது

முதல் பிறந்தநாளுக்கு முன்பே அண்ணத்தை மூடும் அறுவை சிகிச்சை முடிந்தது. அண்ணப் பிளவு இருந்த குழந்தைகளுக்குக் காதில் நீர் சேரக்கூடும் என்பதால் கேட்கும் திறனையும் அவ்வப்போது சோதிக்கிறார்கள். இப்போது நான்கு வயது. பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். என்னைத் திட்டும்போது மட்டும் எல்லாச் சொல்லும் தெளிவாக வருகிறது. ஆனாலும் அவள் தண்ணீர் குடித்துப் புரையேறினால், நான் இருக்கிற இடத்திலிருந்து எழுந்துவிடுகிறேன்.

எங்கள் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோளாறு வந்தால் ஆளைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். நாங்கள் டப்பாவையும் தண்ணீரையும் சந்தேகப்பட்டு, ஒருவரையொருவரும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு குழந்தை பசியோடு இருந்தது. உங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கு மூக்கு வழியாகப் பால் வந்து எடையும் ஏறவில்லை என்றால், அண்ணம் முழுவதையும் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

போன மாதம் எங்கள் லைன் லீடருக்குப் பையன் பிறந்தான். பேடா கொடுக்க வந்தவரிடம் குழந்தையின் அண்ணத்தைப் பார்த்தார்களா என்றுதான் முதலில் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. டப்பாவை மூடிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மறுநாள் அவராகவே வந்து, "தேக் லியா சார், சப் டீக் ஹை," பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரி என்றார்.

யார் பார்த்தார்கள், எதுவரை பார்த்தார்கள் என்று கேட்டேன்.