கரண்ட் போகிற ஊர்க்காரர்கள்

அக்காவை நினைத்தால் அவர் பிளக்கைப் பிடுங்கும் காட்சிதான் முதலில் வருகிறது. சுவிட்சை அணைக்க மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து ஒரே இழுப்பில் பிடுங்குவார். திரை கறுத்ததும், "இப்பப் பாக்கலாம் கண்ணு, கடைசியா என்னத்த எழுதி வெச்சிருக்குதுன்னு" என்பார். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில், தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே, எங்கள் கம்ப்யூட்டர் அறை இருந்தது. அவர் அங்கே சீனியர். நான் புதிதாகச் சேர்ந்தவள். உறவெல்லாம் ஒன்றுமில்லை. கம்பெனியில் எல்லாருக்குமே அவர் அக்காதான்.

எந்த மென்பொருளும் தான் செய்வதை வரிவரியாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும். லாக் என்போம். எங்கே தடுக்கியது என்று பிறகு பார்க்க வேறு வழியில்லை. அதை எழுதித்தர, மற்ற மென்பொருள்களோடு சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தான் லாகிங் லைப்ரரி. அப்போது நாங்கள் வைத்திருந்தது, வேகத்துக்காக வரிகளை மெமரியில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும். நடுவில் கரண்ட் போனால் சேர்த்தது அத்தனையும் போச்சு. நமக்கு வேண்டியதோ எப்போதும் அந்தக் கடைசி வரிகள்தான். ஒரு நாள் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், லேபிள் அடிக்கும் மென்பொருள் குழம்பிப்போய் ஒரு லாட் முழுக்கத் தவறான சைஸை அடித்துத் தள்ளியது. பழி பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண்ணின் மேல் விழுந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தப்பு மென்பொருளுடையது என்று நாங்கள் தலைகீழாக நின்று சொன்னோம். காட்டுவதற்கு ஒரு வரி இல்லை. அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆத்திரத்தில் அக்கா எழுதியதுதான் எங்கள் லைப்ரரி. ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். மெதுவாகத்தான் போகும். போகட்டுமே, யாருக்கு என்ன அவசரம்? வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், திருத்திக்கொள்ளட்டும் என்று அதை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்தார். எங்கெங்கோ இருந்து எடுத்தார்கள். எடுத்தவர்களில் கை கொடுத்தவர்கள் குறைவு, அதட்டியவர்கள் அதிகம். சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆளை விரட்டுவதுபோல, இது ஓடவில்லை, இன்றைக்கே சரிசெய் என்று எழுதுவார்கள். பார்த்துக்கொண்டது நாங்கள் இருவரும், முகம் பார்த்திராத ஒரு வெளிநாட்டுக்காரரும். குழந்தை பிறந்ததும் அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகிவிட்டார். ஷிப்மென்ட் நேரத்தில் கம்பெனி எங்களைப் பிழிந்தெடுக்கும். மிச்சமிருந்த சக்கையை லைப்ரரி பிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றையே மறந்திருந்தோம்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரிய மென்பொருள் கம்பெனி வந்தது. பெயர் எதற்கு? அவர்களுடைய சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு மேனேஜர் வீடியோவில் பேசினார். இனி எல்லா வேலையையும் அவர்களுடைய இன்ஜினியர்களே பார்த்துக்கொள்வார்களாம். பதிலுக்கு, வேகம் வேண்டும் என்பதால் வரிகளைச் சேர்த்துவைத்து எழுதும்படி மாற்ற வேண்டும். எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்கிற அதிகாரத்தையும் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அது அக்காவிடமும் என்னிடமும் மட்டுமே இருந்தது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்படி அலுத்துப்போயிருந்தேன். அக்கா, அவர்கள் அனுப்பியிருந்த திருத்தத்தைப் போட்டு ஓட்டி, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி போட்டுப் பார்த்தால் கடைசி வரிகளைக் காணோம்.

மேனேஜர் சிரித்தார். "மேடம், எங்க டேட்டா சென்டர்ல கரண்ட்டே போகாது. இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா?"

"உங்க ஊர்ல போறதில்லீங்க. எங்க ஊர்ல போகுதுங்களே" என்றார் அக்கா. "இது வேண்டாமுங்க."

"அப்போ நாங்களே காப்பி எடுத்துத் தனியா நடத்திக்குவோம். அப்புறம் உங்களோடதை யாரும் சீண்டக்கூட மாட்டாங்க, பாருங்க."

"தாராளமா நடத்துங்க. எடுத்துக்கட்டும்னுதானுங்களே தொறந்து வெச்சிருக்கறோம்."

எங்களுடையது தெற்கிலிருந்து வந்த குடும்பம். நாங்கள் மாட்டோம் என்றால் தெருவுக்கே கேட்கும். அக்கா குரலை உயர்த்தாமல், 'ங்க' போட்டே கதவைச் சாத்தினார்.

மேனேஜர் சொன்னது அப்படியே பலித்தது. அவர்களுடைய காப்பி வேகமாக ஓடியது, கூட்டமும் அதன் பின்னால் ஓடியது. தெரிந்தவர்கள் இன்றைக்கும் என்னிடம், பிடிவாதத்தால் கெடுத்துக்கொண்டீர்கள் என்கிறார்கள். கெட்டது எது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். கடைசி வரி காணாமல் போனால் மென்பொருளை யாரும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற ஆளைத்தான் அனுப்புவார்கள். அந்தப் பெண் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம். பார்த்தவர்களுக்கு வேகத்தின் மேல் அப்படியொன்றும் மோகம் வராது.

அக்கா இப்போது சேவூரில் இருக்கிறார். கழுத்து வலி முற்றி, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைப்ரரியை இத்தனை நாளும் நான் ஒருத்தியாகத்தான் கட்டி இழுத்தேன். போன மாதம் நைஜீரியாவிலிருந்து ஒருவர் எழுதினார். கிளினிக்குகளில் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு எங்களுடையதைத்தான் வைத்திருக்கிறாராம். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கோளாறுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து அனுப்பினார். பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அப்படியென்றால் திருத்தங்களை ஏற்கும் அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் நான் பழையபடி தனியாள். அக்காவைக் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை. அவருக்குப் போன் போட்டேன்.

ஆள் எங்கே படித்தார், எந்தக் கம்பெனி என்றெல்லாம் அக்கா கேட்கவில்லை.

"அவிங்க ஊர்ல கரண்ட் போகுதா கண்ணு?"

"தெனமும் போகுதாம்க்கா."

"அப்பக் குடுத்துரு."